மாப்பிள்ளையின் கோபத்துக்கு நீ வைத்த பெயர்

தி. நகர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தீபிகாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். நீயும் சித்தார்த்தனும் அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க முருகன் துணை. அப்பா சுகம், அவருடைய கோபமும் சுகம், இரண்டுக்கும் ஒரு குறையும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கடையில் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து இப்போதுதான் மூச்சு விடுகிறோம், கலைத்துப் போட்ட புடவைகளை எல்லாம் மறுபடி மடித்து அலமாரியில் ஏற்றுவதற்குள் கார்த்திகை முகூர்த்தக் கூட்டம் வந்துவிடும். மெட்ரோவுக்குத் தோண்டுகிற தூசியில் வெளிர் நிறம் எதையும் ஷோகேஸில் வைக்க முடியவில்லை. மழை வேறு, ஒரு நாள் பெய்கிறது, நாலு நாள் அதன் சகதி நிற்கிறது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போன் பாதி நேரம் உன் தங்கை ஜெயஸ்ரீ கையில்தான் இருக்கிறது. உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராயப்பேட்டை தஹ்சீன் லீவு முடிந்து வியாழக்கிழமை டொரன்டோ திரும்புகிறாள் என்று தெரிந்தது, அவளிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு சேர்த்து இதையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் உனக்கும் அவருக்கும். கடிதம் உனக்கு மட்டும்.

விஷயம் ஜெயஸ்ரீ கல்யாணத்தைப் பற்றியது. ஆனந்தகுமாரை உனக்குத் தெரியும், அதாவது வீடியோவில் அரை மணி நேரம் தெரியும். அடையாறில் சொந்த வீடு, ஆதம்பாக்கத்தில் டைல்ஸ் கடை, நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள், ஜாதகம் பொருந்தியது, பையன் பார்க்க நன்றாக இருந்தான், நிச்சயம் செய்தோம். இதில் உன் மேல் எனக்குக் குறை இல்லை, பார்த்து முடித்தது நாங்கள்தான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஜெயஸ்ரீ உனக்கு ஏதோ சொல்லியிருப்பாள், பாதி சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன்.

தீபாவளி கழிந்த வளர்பிறையில் நாள் பார்த்து அவர்கள் கூறைப்பட்டு எடுக்க வந்தார்கள். பெண் வீட்டுக் கடையிலேயே மாப்பிள்ளை வீட்டார் வந்து எடுப்பது சரியா என்று அப்பாவுக்கு ஒரு யோசனை இருந்தது, நம் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போனால் பாண்டி பஜார் முழுக்கச் சிரிக்குமே என்று நான்தான் சொன்னேன். அவர்கள் வீட்டில் நாலு பேர், மாப்பிள்ளையும் வந்திருந்தார். பெரியவர்கள் பச்சையா நீலமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். அரக்கும் ஆரஞ்சும் கலந்த ரெட்டைக் கலர், பெரிய ஜரிகைக் கரை, லைட்டுக்குக் கீழே விரித்ததும் தகதகவென்று இருந்தது. இருக்காதா பின்னே, எந்தப் பட்டும் அப்படித் தெரியவேண்டும் என்றுதானே அந்த லைட்டைப் போட்டிருக்கிறோம். நம் கடையில் யார் வந்தாலும் நாமே சொல்வதுதான், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று. ஜெயஸ்ரீ இந்தக் கடையிலேயே வளர்ந்தவள், அவளுக்கு அது கைப்பழக்கம். முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத்தை மார்போடு அள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, மாப்பிள்ளை பின்னாலேயே போய் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். நான் செலக்ட் பண்ணதை நீ செக் பண்ணுவியா, ரோட்ல போறவன் வர்றவன்லாம் பாக்கணுமா என்று ஒரே சத்தம். புடவை வாங்க வந்திருந்த மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தான் தேர்ந்தெடுத்ததை அவள் சந்தேகப்படுகிறாள் என்று அவருக்கு நினைப்பு. டைல்ஸ் விற்கிறவருக்குப் புடவைக் கடை வழக்கம் தெரியாது, அது ஒரு குற்றமில்லை. தெரியாதவன் என்ன என்று கேட்பான். இவர் கையைப் பிடித்து இழுத்தார்.

அவர் அம்மா கொஞ்சமும் அசையவில்லை. அவனுக்கு எல்லாமே வேகம்தான் சம்பந்தி, பிரியமும் வேகம், கோவமும் வேகம் என்று சிரித்தார். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆம்பளைன்னா ஒரு சூடு இருக்கணும்லா என்றார். கூடவே கூல் டிரிங்க் வந்தது, எல்லோரும் குடித்தார்கள். நம் கடையில் புடவை மடிக்கிற தேவானை மட்டும் என் பக்கத்தில் குனிந்து, இன்னாக்கா மாப்ள இப்டி கீறாரு, நம்ம மொதலாளியே தேவலாம் போலக்கீதே என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் புடவையையே வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள், பகலில் அது என்ன நிறம் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் ஜெயஸ்ரீ சாப்பிடவில்லை. எனக்குப் பயமா இருக்கும்மா என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். நான் பேசி நிறுத்திவிடுகிறேன், நீ தைரியமாக இரு என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள் தீபிகா. கேட்டாயா, சரி என்றாள். மறுநாள் காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வேறு பெண்ணாக வந்து நின்றாள். அக்காகிட்ட பேசினேன்மா, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் என்றாள். நீ அனுப்பிய மெசேஜை வாசித்துக் காட்டினாள், நான் போனை வாங்கி நானே படித்தேன். ஆனந்தகுமார் இன்டென்ஸான ஆள், பேஷனேட்டான ஆள் என்று எழுதியிருக்கிறாய். ஜெயஸ்ரீ பெயரைச் சொன்னாலே அவர் முகம் க்ளோ ஆகிறதாம், ரேடியன்ட்டாக இருக்கிறதாம், வீடியோவில் நீ பார்த்தாயாம். உனக்காக எரிகிற ஒருவன் கிடைப்பது லக், அந்த நெருப்பை அணைத்துவிடாதே என்று வேறு. அதற்கு மேலே ஒன்று எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் அப்பாவும் ஃபயரிதானே, எவ்வளவு அன்பான மனிதர் என்று. கடைசியில் ஒரு தீ பொம்மை, ஒரு நட்சத்திர பொம்மை.

நானும் பாளையங்கோட்டையில் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள்தான், அதை இந்த வீட்டில் எல்லோரும் மறந்தாயிற்று, பில் போடுகிறவளுக்கு எதற்கு லிட்டரேச்சர். ஆனால் வார்த்தைகள் மறக்கவில்லை. அந்த பாஷையில் ஒரு வசதி இருக்கிறது. சந்தோஷப்பட்டால் வெளிச்சம், ஆசைப்பட்டால் நெருப்பு, கோபப்பட்டாலும் அதே நெருப்பு, எல்லாம் ஒரே அடுப்பில் வேகிறது, எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நம் பாஷையில் மட்டும் இல்லையா என்று கேட்பாய். நமக்கும்தான் வயிறு எரிகிறது, ரத்தம் கொதிக்கிறது, ஆனால் மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதிக்கிறது என்று யாரும் பெருமையாகச் சொல்லிப் பெண் கொடுப்பதில்லை. நீ கிரீம் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறவள். முகத்தில் பூசுகிற கிரீமுக்கு க்ளோ என்று எழுது, ரேடியன்ட் என்று எழுது, யார் வேண்டாம் என்றார்கள். நானும் வியாபாரிதான், சுமாரான பட்டைக் கண்ணைப் பறிக்கிற பட்டு என்று எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறேன். ஆனால் அதை வீட்டுப் பெண்ணுக்கு எடுத்துக் கட்ட மாட்டேன். நீ உன் தங்கைக்கே விற்றுவிட்டாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த நெருப்பு அவ்வளவு நல்லது என்றால் உனக்கு ஏன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நீ தேடிப் பிடித்தது யாரை. சத்தமாகத் தும்மினால் ஸாரி சொல்கிற சித்தார்த்தனை. பாலைப் பொங்க விட்டுவிட்டேன், பாவம் அவரே துடைக்கிறாரும்மா என்று போனில் நீயே சொல்லிச் சிரித்தாயே. நான் சந்தோஷப்பட்டேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன், என் பெண்களில் ஒருத்திக்காவது ராத்திரி பயமில்லாமல் தூங்குகிற வீடு கிடைத்தது என்று. இன்னொருத்திக்கும் அதே வீடு வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை.

அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு நீ வரவில்லை, லீவு இல்லை என்றாய், இங்கிலீஷில் ஒரு வீடியோ அனுப்பினாய். மயிலாப்பூர் மண்டபத்தில் பெரிய திரையில் போட்டார்கள். என் அப்பா ஒரு ஜுவாலை, அவர் அன்பு எங்களை எரித்து எரித்துப் பொன்னாக்கியது என்கிற மாதிரி ஏதோ பேசினாய், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா அழுதார். மாலையும் கழுத்துமாக நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. நீ பேசியது பொய் என்றுகூடச் சொல்லமாட்டேன். தூரத்தில் இருந்து பார்த்தால் உனக்கு அது அப்படித் தெரிந்திருக்கலாம், நல்லதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சை ஜெயஸ்ரீ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கோபக்காரர் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது தீபிகா. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்த நாட்களில் எல்லாம் நீதான் அவளைக் குடோனுக்குத் தூக்கிக்கொண்டு போய், புடவை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டிருப்பாய். உன் காதைப் பொத்த யாரும் இல்லை. நீ கேட்டாய், அவள் கேட்கவில்லை. அவள் பெரியவளாகி முதன்முதலில் கேட்டது உன்னுடைய இந்த இங்கிலீஷைத்தான். அப்பா என்றால் ஜுவாலை, மாப்பிள்ளை என்றால் ஜுவாலை, நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தான் அமையும் போல என்று நினைத்துவிட்டாள்.

போன வாரம் மாப்பிள்ளை அவளைக் காபி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பேசிக்கொண்டிருக்கும்போது இவள் வேலை பார்க்கிற ஆபீஸில் இருந்து போன் வந்து இவள் எடுத்துப் பேசிவிட்டாளாம். வீட்டுக்கு வந்ததில் இருந்து முழுக்கை சுடிதாராகவே போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து உள்ளே போகிறேன், கண்ணாடி முன்னால் நின்று மேல்கையில் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பூசிக்கொள் என்று நீ அனுப்பினாயே ஒரு பெட்டி, அதில் இருந்த கிரீம். லூமினஸ் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. பூசிய கிரீமுக்குக் கீழே கையில் நாலு விரல் தடம் கன்றிப்போய்த் தெரிந்தது. கார் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். கார் கதவுக்கு ஏதடி விரல் என்று கேட்டேன். சுடிதார் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். இனிமேல் அவனை அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு, மண்டபம் பேசியாச்சு, இப்ப வந்து என்னட்டி சொல்லுத என்றார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்கிறேன் என்றேன். காபி டம்ளர் சுவரில் பட்டு விழுந்தது. ஃபயரி. ஜெயஸ்ரீயிடம் உட்கார்ந்து பேசினேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள், நீ மட்டும் அப்பாவோட இருக்கலையாம்மா என்று. அவள் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். என்னை மெச்சுகிற மாதிரி கேட்டாள்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நான் சொன்னால் அம்மாவுக்குப் பயம் என்பாள், நீ சொன்னால் வேதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிச்சயத் தட்டையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு நானே அடையாறு போகப் போகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை, திரும்பி வந்த பிறகு நடப்பது நடக்கட்டும். ஆனால் நான் தட்டை வைக்கிற நேரத்தில் அவன் ஜெயஸ்ரீக்குப் போன் பண்ணிக் கேட்டு, அவளும் எனக்குச் சம்மதம்தான், அம்மாதான் குழப்புகிறாள் என்று சொல்லிவிட்டால் என் முகத்தில் கரி பூசி அனுப்புவார்கள், கல்யாணமும் நடந்துவிடும். அவள் வாயால் வேண்டாம் என்று வரவேண்டும். வரவைக்க உன்னால் மட்டும்தான் முடியும். போன் பண்ணு. வீடியோ வேண்டாம், குரல் போதும். இன்டென்ஸ், பேஷனேட் எல்லாம் அந்த ஊரிலேயே இருக்கட்டும், அவளிடம் தமிழில் பேசு. அவன் கையைப் பிடித்து முறுக்குகிறான், அது கோபம், அது நாளைக்கு அடியாகும் என்று சொல். அப்பாவும் அடித்தார் என்று சொல். குடோனைப் பற்றிச் சொல். நீ அவள் காதைப் பொத்தியபோது உனக்கு என்ன கேட்டது என்று முழுசாகச் சொல். உனக்கு அதைச் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் நீ அவ்வளவு தூரம் போனாய், அந்த அழகான வார்த்தைகளையும் கற்றுக்கொண்டாய் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அதற்காக உன்னைத் திட்டமாட்டேன். உன் தங்கையை விட்டுவிட்டால் திட்டுவேன், உயிரோடு இருக்கிற வரை திட்டுவேன்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று மத்தியானம் சாப்பிடாமல் இருக்காதே. சனிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை, அங்கே கொதிக்கிற தண்ணீரில் குளித்துக் குளித்து உனக்கு முடி கொட்டுகிறது என்று போன தடவை பார்த்ததுமே தெரிந்தது. சித்தார்த்தனுக்கு என் ஆசீர்வாதம். இரண்டு பேரும் நிறைய நாள் நிம்மதியாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் எதுவும் உடையாமல் இருக்க வேண்டும். ஊறுகாயைப் பிரித்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. தஹ்சீன் வெள்ளிக்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள், எனக்கு ஞாயிறு காலை என்றால் உனக்குச் சனிக்கிழமை ராத்திரி, மணியைக் குழப்பிக்கொண்டு தாமதம் செய்துவிடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜெயஸ்ரீ கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடையில் யாரும் இல்லை. எவ்ளோ நாள்லம்மா பழகிச்சு உனக்கு என்று கேட்டாள். நான் காகிதத்தை மறைத்துக்கொண்டு கஸ்டமர் வருகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். பழகவில்லை. இன்றைக்கும் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டால் என் கை தானாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்துவிடுகிறது. இதற்கு உன் இங்கிலீஷில் ஏதாவது நல்ல வார்த்தை இருக்கிறதா பார். பார்த்து எனக்கு எழுத வேண்டாம், அவளுக்குப் போன் பண்ணு.

உன் அம்மா,
முத்துலட்சுமி